கருவாடு காயவைக்கும் இடத்தில் நிழலும் கழிப்பறையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி பிறந்தால் போதும், பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே வராதீர்கள் என்று பேப்பரிலும் டிவியிலும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் காசிமேட்டில் கருவாடு காயவைக்கிற பெண்களுக்கு அந்த நேரத்து வெயில்தான் பிழைப்பே. உச்சி வெயிலில் மீனைத் திருப்பிப் போடாவிட்டால் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் கெட்டுப்போகும். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, அவ்வளவுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

பேசிப் பார்த்தால் பலரும் சொல்வது ஒன்றுதான், தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லையாம். குடித்தால் ஒண்ணுக்குப் போகணும், அப்புறம் எங்கே போவது என்கிறார்கள். வியர்வையாய்ப் போன தண்ணீரை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்காமலும், சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால் எரிச்சல், கிருமித் தொற்று, கல் என்று ஒவ்வொன்றாக வரும், வருஷக்கணக்கில் இப்படியே போனால் சிறுநீரகமே பழுதாகலாம். கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழிப் பக்கம் சதை வளர்வதற்கும், கண்புரை வருவதற்கும்கூட வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஒரு காரணம். இங்கே கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை கொட்டுமே தவிர லேசில் ஆவியாகாது, உடம்புச் சூடும் இறங்காது. ஆள் தடுமாறி, பேச்சு குழறினால் வெறும் மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது, நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறேன். ஆனால் யாரும் சாகாமல் இருக்க என்ன செய்யப்போகிறோம்? கேரளத்தில் கோடைக்காலத்தில் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறையே உத்தரவு போடுகிறது. கட்டட வேலை, ரோடு வேலை, லோடு ஏற்றி இறக்கும் வேலைக்கெல்லாம் வடசென்னையிலும் அதைக் கொண்டுவர வேண்டும்.

கருவாட்டுப் பெண்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை, அந்த உத்தரவு அவர்களைத் தொடாது. அவர்கள் கேட்பது பெரிய விஷயமும் இல்லை: காயவைக்கிற இடத்தை ஒட்டி ஒரு கூரைக் கொட்டகை, குடிதண்ணீர், பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறையைக் கட்டிப் பூட்டி வைக்காமல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை திறந்து வைக்க வேண்டும், தினமும் கழுவ ஆளும் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை