செடிப்பயிற்றை என்று விற்ற விதையில் கொடி படர்ந்தது தொடர்பாக

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா/அம்மணி,

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு களுவாஞ்சிகுடிக் கடையொன்றில் உங்கள் நிறுவனத்தின் பயிற்றை விதை வாங்கினேன். பைக்கற்றில் 'செடிப்பயிற்றை, கம்பு தேவையில்லை' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. வாங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

எங்கள் களுதாவளைத் தோட்டம் வெறும் மணல். மாட்டெரு போட்டு, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால்தான் எதுவும் நிற்கும். நட்ட கம்பும் அந்த மணலில் இலேசில் நிற்காது. அதனால்தான் செடி இனமாகத் தேடி வாங்கி, மிளகாய் வரிசைகளுக்கு நடுவே நெருக்கமாக ஊன்றினேன்.

முளைப்பில் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே முளைத்தது. அப்புறம்தான் வினை. வைகாசி பிறந்ததும் ஒவ்வொன்றும் கொடி வீசத் தொடங்கியது. பிடிக்க வேறொன்றும் இல்லாததால் மிளகாய்க் கன்றுகளில் சுற்றி ஏறிவிட்டது. இப்போது கச்சான் காற்று வேறு வீசுகிறது. காற்று கொடியை இழுக்க, பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாய் வேரோடு சாய்கிறது. கொடியைப் பிரித்தெடுத்தால் மிளகாய்க் கிளை முறிகிறது. விட்டால் செடியே போகிறது.

தொலைபேசியில் உங்கள் அலுவலர், "கம்பு நட்டு ஏற்றி விடுங்க, கொடியில காய் கூடத்தான் வரும்" என்றார். கொடி இனம் கூடுதல் நாள் காய்க்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லையே! கொடி என்று தெரிந்திருந்தால் தனிப் பாத்தியில், இடைவெளி விட்டு, முதலிலேயே பந்தல் போட்டு ஊன்றியிருப்பேன். பாதி வளர்ந்த வேருக்குப் பக்கத்தில் இனிக் கம்பு இறக்கச் சொல்பவர் தோட்டம் செய்தவராக இருக்க முடியாது.

கடைக்காரரில் பிழையில்லை. ஒட்டிய பைக்கற்றை அப்படியே தந்தார். விதை மாறியது உங்கள் பொதியிடும் இடத்தில்தான்.

விதைக்காசையும் சாய்ந்த மிளகாய்க்கான நட்டத்தையும் தர வேண்டும். அதைவிட அவசரம், அதே தொகுதி இலக்கப் பைக்கற்றுகளைக் கடைகளிலிருந்து உடனே மீளப்பெறுவது. நேற்றும் அந்தக் கடையில் தொங்கக் கண்டேன். பைக்கற்று, பற்றுச்சீட்டு, படங்களின் பிரதிகளை இணைத்துள்ளேன். மூலங்கள் என்னிடம் உள்ளன. தோட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதென்றால் கொடியை அறுக்குமுன் அனுப்புங்கள்.

இரண்டு வாரத்துள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடுவேன். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தைக் காட்டி விவசாயத் திணைக்களத்துக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
களுதாவளை வாடிக்கையாளர்