முட்டை இல்லாத மாதங்கள்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் கோழிப் புராணம்! இவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறது. அதை விடு, உன் கோழிகளுக்கு வருவோம்.

முட்டை குறைந்துவிட்டதே, நோயோ என்று பயப்படுகிறாய். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகத் தின்கின்றன, சீய்க்கின்றன. கொண்டை வெளிறியிருக்கிறது, கழுத்தில் இறகு கொட்டியிருக்கிறது. பகல் பொழுது சுருங்க ஆரம்பித்ததும் முட்டையும் குறைந்திருக்கிறது. இது இறகு உதிரும் காலம்தான். முதலில் தலை, கழுத்து, பிறகு மார்பு, உடம்பு, கடைசியில் இறக்கையும் வாலும் என்று கொட்டிக்கொண்டே போகும். இன்னும் சில வாரத்தில் உன் முற்றம் தலையணை கிழிந்த மாதிரி ஆகிவிடும், பயந்துவிடாதே. சாதாரணமாக இரண்டு மூன்று மாதத்தில் புது இறகு முளைத்து முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் கோழி சோம்பேறியாக உட்கார்ந்திருப்பதாக நினைக்காதே. இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்தான், 80 விழுக்காட்டுக்கு மேல். முட்டைக்குப் போன சத்தெல்லாம் இப்போது தோலுக்குப் போகிறது. இரண்டு வேலையும் ஒன்றாகச் செய்ய அதனால் முடியாது. அதனால் முட்டைதான் இல்லையே என்று தீவனத்தைக் குறைத்துவிடாதே. இப்போதுதான் நன்றாகப் போட வேண்டும். முட்டையிடும் கோழித் தீவனத்தில் 16 விழுக்காடு புரதம் இருக்கும். இறகு முளைக்கும்போது 18, 20 என்று கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். அப்புறம், முளைத்து வரும் குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும். தொட்டால் வலிக்கும். பேரனைக் கோழியைத் தூக்கவிடாதே.

பகல் குறைந்தால் ஏன் முட்டை குறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் வெளிச்சத்தை மூளையின் அடிப்பகுதியில் உள்ள செல்கள் நேராகவே உணர்ந்துகொள்கின்றன. பார்வை போன கோழிக்குக்கூடப் பகல் நீள்வதும் குறைவதும் தெரியும்! அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன்தான் சூலகத்தை எழுப்பி முட்டைக்கருவை வளர வைக்கிறது. ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால் நன்றாக இடும். அது குறையக் குறைய ஹார்மோனும் அடங்கிவிடும். காட்டுக்கோழியாக இருந்த காலத்து வழக்கம் அது. இரை கிடைக்காத பருவத்தில் குஞ்சு பொரித்து என்ன செய்ய? நாம்தான் வருடம் முழுக்க முட்டையிடும் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்டோம்.

இடையில் ஒரு நாள் விட்டுவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதே. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் ஓடு கட்டுவதற்கே 20 மணி நேரம் போய்விடும். அதனால் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், பிற்பகலைத் தொட்டதும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி காலையில் தொடங்கும்.

கூட்டில் பல்பு போடச் சொல்கிறானாமே உன் மகன். போடலாம், கோழிக்கு ஒன்றும் ஆகாது. முட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதையும் நம்பாதே. குஞ்சாக வரும்போதே அதன் உடம்பில் ஆயிரக்கணக்கான கருமுட்டைகள் இருக்கின்றன. ஆயுசு முழுக்க இட்டாலும் தீராது. ஆனால் பாதி இறகு கொட்டி நிற்கும் இந்த நேரத்தில் பல்பு போட்டு ஒரு பயனும் இல்லை. புது இறகு முளைக்கட்டும், பிறகு பார். என் எண்ணத்தைக் கேட்டால் பல்பே வேண்டாம் என்பேன். வீட்டுக்கு நாலு கோழி வைத்திருப்பவர்களுக்கு என்ன அவசரம்? அவன் பிடிவாதமாகச் சொன்னால், மாலையில் போடாமல் விடிவதற்கு முன்பு எரியவிடச் சொல். மாலையில் பட்டென்று அணைந்தால் உட்காரும் கட்டை தெரியாமல் அவை இருட்டில் தடுமாறும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. நடுவில் திடீரென்று நிறுத்தினால் மறுபடி இறகு கொட்ட ஆரம்பித்துவிடும்.

கோடையில் ஓடு மெலிந்து வந்தது என்றாயே, அது வேறு கதை. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுவதால் ஓடு சரியாகக் கட்டாது. வெயிலில் தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடு, தீவனத்தை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வை, வேண்டியது எடுத்துக்கொள்ளும். தண்ணீர் விஷயத்தில் கவனமாக இரு. தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் பிராணி அது. அரை நாள் கிண்ணம் காய்ந்து கிடந்தாலே முட்டையில் தெரிந்துவிடும்.

முட்டையிடும் பெட்டியை விட்டு எழாமல் சீறுகிறதே ஒன்று, அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சு வேண்டுமென்றால் சேவல் மிதித்த முட்டை வை, 21 நாளில் பொரிக்கும். வேண்டாமென்றால் தினமும் தூக்கி வெளியே விட்டுப் பெட்டியையும் அடைத்துவிடு. அடை கலைந்தாலும் உடனே முட்டையிடாது, சில நாள் பிடிக்கும்.

எது இடுகிறது, எது நிறுத்திவிட்டது என்று தெரிய வேண்டுமானால் ஆசனவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் இருக்கும், தடவிப் பார். நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் இடுகிறது. ஒரு விரலே இறுக்கமாக இருந்தால் நின்றுவிட்டது. எல்லாம் இடுவதாகத் தெரிந்தும் பெட்டியில் முட்டை இல்லையென்றால் வேலிப் புதரைத் துழாவு, ஏதாவது ஒன்று அங்கே ரகசியமாகச் சேர்த்து வைத்திருக்கும். ராத்திரி டார்ச் அடித்துக் கட்டையின் அடியில் சிவப்பாகப் பூச்சி ஊர்கிறதா என்றும் பார். ரத்தம் உறிஞ்சும் செள்ளு அது, பகலில் கண்ணில் படாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். இறகு கொட்டாமல் எல்லாக் கோழியும் ஓரிரு நாளில் மொத்தமாக நிறுத்தினாலோ, இருமினாலோ, முகம் வீங்கினாலோ, தீனி எடுக்காமல் ஒடுங்கினாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. கால்நடை மருத்துவரிடம் போ.

உன் கறுப்பிக்கு வயது என்ன ஆகிறது? முதல் வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதன் இறக்கையை விரித்துப் பார்த்து, நுனியில் இருக்கும் பத்துப் பெரிய இறகுகளும் ஒவ்வொன்றாக விழுகின்றனவா, கொத்தாக விழுகின்றனவா என்று எழுது. கொத்தாக விழுந்தால் சீக்கிரம் முட்டைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொன்றாக என்றால் நீ இன்னும் நிறைய நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்புடன்,
வசந்தா