பாரிஸில் எங்கள் குசினிக்கு வந்த வன்னிப் பிள்ளைகள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வயதுபோன தம்பதிகளைத் திருச்சபைகள் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புவது வீண் செலவு, அது ஊர் பார்க்கும் பயணம் என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். நானும் என் கணவரும் அப்படி அனுப்பப்பட்டவர்கள். கொரோனாவுக்கு முந்திய காலத்தில், பாரிஸின் வடக்குப் பக்கத்தில், ஊரிலிருந்து தனியாக வந்து சேர்ந்த இளம் பிள்ளைகளோடு இருந்தோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, அவர் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். இரண்டு பேருமே பிரசங்கம் படித்தவர்கள் இல்லை. அங்கே எங்கள் நாள் எப்படிப் போனது என்று எழுதினால் அந்த வாசகருக்கும் பதிலாக இருக்கும், பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோருக்கும் உதவும்.

காலையில் வீட்டுக்கு வருவது கடிதங்கள்தான். பிள்ளைகள் கொண்டுவருவார்கள். பிரெஞ்சு எங்கள் இருவருக்கும் தெரியாது. அங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வந்து வாசித்துச் சொல்லுவாள். நாங்கள் இருந்த நேரத்துச் சட்டப்படி, அகதிக் கோரிக்கையைப் பதிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விண்ணப்பத்தை நிரப்பி, தனக்கு நடந்ததையெல்லாம் பிரெஞ்சில் எழுதி, 'ஒப்ரா' என்று பெடியள் சொல்லும் அகதிகள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். சட்டத்தரணியை அரசாங்கச் செலவில் கேட்பதென்றால் அதற்கு 15 நாள். இந்த எண்களை என் கணவர் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒருநாள் வந்து, ஜக்கெற் பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த கடித உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். பிரிக்கவே இல்லை. "அன்ரி, நீங்களே பாருங்கோ, எனக்குக் கை வருகுதில்லை" என்றான். என் கணவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முதல் திகதியைத்தான் பார்த்தார். சட்டத்தரணி கேட்கும் நாள் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. "பயப்பிடாதை, நேரம் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பிரித்தார். நிராகரிப்புத்தான். அன்றைக்கே அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டத்தரணி கேட்கும் விண்ணப்பத்தை எழுதுவித்தோம். மேன்முறையீடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருந்து திகதி பார்க்க ஒரு பெரியவர் இல்லாமல் வழக்கை இழந்த பிள்ளைகளையும் எங்களுக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

அடுத்தது, அவர்கள் தங்கள் கதையை எழுதுவது. காசு வாங்கிக்கொண்டு ஒரே கதையைப் பலருக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. விசாரணையில் ஒரு கேள்வி குறுக்கே கேட்டால் பிள்ளை தடுமாறிவிடும். உண்மையாகவே நடந்ததைச் சொல்லத்தான் நாங்கள் உட்கார்த்தி வைப்போம். 2009 இல் இவர்களுக்கு ஒன்பது, பத்து வயது. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஓடி, கடைசியில் செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் கிடந்த பிள்ளைகள். இடம் ஞாபகம் இருக்கும், மாதம் ஞாபகம் இருக்காது. அப்போது நான் கேட்பேன்: "அந்த நேரம் எத்தனையாம் வகுப்பு? உன்ர ரீச்சர் ஆர்? புலமைப்பரிசில் சோதினை எழுதிட்டியோ?" அதைப் பிடித்துக்கொண்டு கதை வரிசைக்கு வரும். இடையில் சில பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாங்களும் அதே பாதையால் வந்தவர்கள்தானே, மேலே கேட்க மாட்டோம். தேத்தண்ணி போடுவேன். சில நாள் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும், அடுத்த கிழமைதான் தொடங்கும்.

பகலில் அவர்களுடைய அறைகளுக்குப் போவோம், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவோம். இரவு வேலை செய்கிறவனும் பகல் வேலை செய்கிறவனும் ஒரே கட்டிலை மாறி மாறிப் பாவிக்கும் அறைகளைக் கண்டிருக்கிறேன். பெண்பிள்ளைகள் குறைவு, வந்தவர்கள் என்னோடு மட்டும் தனியாகக் கதைப்பார்கள். அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை.

திங்கட்கிழமை இரவு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அங்கே பல சாப்பாட்டுக்கடைகள் திங்களில் பூட்டு, கோப்பை கழுவும் பெடியளுக்கு அன்றைக்குத்தான் லீவு. தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் கறித்தூளும் முருங்கைக்காயும் வாங்கி வருவோம். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, சம்பல். வெங்காயம் உரிக்கிறவன் உரிப்பான், தேங்காய் துருவுகிறவன் துருவுவான். வாயைத் திறக்காத பிள்ளை என் கணவரோடு நின்று மீன் வெட்டும்போது தன் வயலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும். இரணைமடுத் தண்ணி இந்த முறை வாய்க்காலுக்கு வந்ததோ, சிறுபோகம் செய்தவையோ என்று கேட்கும். சாப்பாட்டுக்கு முன் ஒரு ஜெபம் செய்வோம், நாங்கள் வந்தது எதற்கு என்று மறைக்கவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், திங்கட்கிழமை எங்களிடம் சாப்பிட வருவார்கள். ஒருவரையும் மதம் மாறச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

தம்பதியை அனுப்புவது எதற்கு என்று அந்த வாசகர் கேட்கிறார். இப்படி ஒரு வீட்டை நடத்தத்தான். இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்க மிஷனரிகள் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தபோது பெரும்பாலானோர் குடும்பமாகத்தான் வந்தார்கள். 1824 இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார், 1833 இல் எங்கள் மண்ணிலேயே இறந்தார். செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வீட்டு வாடகையை அங்குள்ள சபை கொடுத்தது, அரிசியும் மரக்கறியும் அங்கே காலூன்றிய தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்து தந்தார்கள்.

இப்போது பெற்றோருக்கு. இதைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேனா எடுத்தேன். திங்கள் இரவு பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். "ஏஜென்சிக் காசுக்கு வட்டி ஏறுது, காணி ஈட்டில கிடக்கு, எப்ப அனுப்புவாய்?" சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. கடன்காரன் படலையில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று வன்னியில் ஆருக்குச் சொல்ல வேண்டும்? ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அகதிக் கோரிக்கை கொடுத்த பிள்ளை உடனே வேலைக்குப் போகச் சட்டம் விடாது. ஒன்பது மாதமாக இருந்ததை 2019 இல் ஆறு மாதமாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் முதலாளி அனுமதி எடுத்தால்தான் வேலை. நீங்கள் நெருக்கினால் பிள்ளை களவாக வேலைக்குப் போகும், சம்பளத்தில் பாதியைப் பிடித்தாலும் வாய் திறக்க ஏலாது. விசாரணைக்கு ஆயத்தம் செய்யவேண்டிய நாளில் எங்கேயோ கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும். கடைசியில் வழக்கும் போய், காணியும் மூழ்கும்.

நேரத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே நாலரை மணித்தியாலம் பிந்தி, கோடையில் மூன்றரை. நீங்கள் விடிய ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டிவிட்டு எடுக்கிற போன், மார்கழியில் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அடிக்கும். பின்னேரம் எடுங்கள். எடுத்தால் முதல் கேள்வியாக விசாரணைத் திகதி வந்ததா என்று கேளுங்கள், கடிதத்தைப் பிரித்தாயா என்று கேளுங்கள். காசைப் பற்றி முதல் ஆறு மாதம் கேட்க வேண்டாம்.

திருச்சபைகளுக்கும் கோயில் சபைகளுக்கும் என் விண்ணப்பம் இது: பிள்ளைகள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். உடம்பில் தெம்புள்ள, சமைக்கத் தெரிந்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தம்பதிகள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை அனுப்புங்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு அகதி வழக்கின் திகதிகளையும் வேலைச் சட்டத்தையும் இலகு தமிழில் எழுதுவித்து, கிழமைக்கு ஒருமுறை உங்கள் பத்திரிகையில் ஒரு பத்தி போடுவீர்கள் என்றால் பெரிய உதவியாக இருக்கும். சட்டங்கள் அடிக்கடி மாறுவதால் எங்களைப் போன்றவர்கள் சொல்வதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.