காற்றின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மின்சார கார்கள் எல்லாம் கரைந்த சோப்புக் கட்டி போல ஒரே சாயலில் வருகின்றன, காற்றுத்தடையைக் குறைக்கப் போய் அழகைத் தொலைத்துவிட்டார்கள் என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். சாயல் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழியைக் காற்றின் மேல் போட்டது சரியாகப் படவில்லை.

நான் நாகர்கோவில்காரன். மூன்று வருடமாக மின்சார கார் ஓட்டுகிறேன். வாரம் ஒருமுறையாவது திருநெல்வேலி போய்வர வேண்டிய வேலை. ஆனி, ஆடியில் திரும்பி வரும்போது காவல்கிணறு தாண்டியதும் மேல்காற்று நேரே முகத்தில் அடிக்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி கடக்கும் வரை பேட்டரி சதவீதம் கண்ணெதிரே இறங்கும். கார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது, எதிர்காற்று 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காரின் மேல் மோதுவது 120 கி.மீ. வேகக் காற்று. வேகம் ஒன்றரை மடங்கானால் தடை இரண்டேகால் மடங்காகும். அந்தச் சாலையில் நாலு முறை போய்வந்தவருக்குக் காரின் வடிவம் வெறும் அலங்கார விஷயமாகத் தோன்றாது.

பெட்ரோல் காருக்கும் இதே காற்றுதான். ஆனால் அதில் எரிபொருளின் பெரும்பகுதி எஞ்சினிலேயே சூடாக வீணாகிவிடுவதால், காற்று தின்பது அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். மின்மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. கார் கனமாக இருந்தாலும், அந்தக் கனத்தை வேகமெடுக்க வைத்த செலவில் ஒரு பங்கு பிரேக் போடும்போது பேட்டரிக்கே திரும்பி வருகிறது. காற்றுக்குக் கொடுத்தது மட்டும் போனது போனதுதான். அதனால்தான் மின்சார கார் செய்பவர்கள் காற்றைக் கண்டு இவ்வளவு கவலைப்படுகிறார்கள்.

சரி, அந்தக் கவலைதான் எல்லாக் கார்களையும் ஒன்றுபோல ஆக்குகிறதா? ஹூண்டாயின் ஐயானிக் 5, ஐயானிக் 6 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடித்தளம் ஒன்று, பேட்டரி ஒன்று. ஐயானிக் 5 மடித்த காகிதம் போலக் கோடும் மூலையுமாக இருக்கும். 1974இல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜியாரோ வரைந்த பழைய போனி காரின் நினைவில் செய்தது. ஐயானிக் 6 முதுகு வளைந்து பின்னால் சரிந்து இறங்கும். வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் காற்றுத்தடை எண் (குறைந்தால் நல்லது) முதலாவதற்கு 0.288, இரண்டாவதற்கு 0.21. 77.4 யூனிட் பேட்டரியும் ஒற்றை மோட்டாரும் கொண்ட மாடலை ஐரோப்பிய முறையில் சோதித்தபோது ஒரு முழு சார்ஜில் முதலாவது 507 கி.மீ., இரண்டாவது 614 கி.மீ. என்று வந்தது. வித்தியாசம் முழுவதும் வடிவத்தால் வந்ததென்று சொல்ல மாட்டேன். டயருக்கும் எடைக்கும் பங்கு உண்டு. அதே ஐயானிக் 6க்குப் பெரிய 20 அங்குல சக்கரம் மாட்டினால் 545 கி.மீ.தான். ஷோரூமில் பெரிய அலாய் வீலைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரே கம்பெனி, ஒரே பேட்டரியை வைத்து இப்படி முற்றிலும் வேறான இரண்டு உருவங்களைச் செய்திருக்கிறது. காற்று யார் கையையும் பிடித்து வரையவில்லை.

காற்று கண்டிப்பாகக் கேட்பது பின்பக்கத்தை. முன்பக்கம் ஓரளவு உருண்டையாக இருந்தாலே அது விலகிப் போய்விடும். சிரமம், விலகிய காற்று மறுபடி ஒன்றுசேரும் இடத்தில். பின்பக்கம் திடீரென முடிந்தால் அங்கே அழுத்தம் குறைந்து, காரை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல ஆகிறது. ஐயானிக் 5இல் முதலில் பின்கண்ணாடிக்கு வைப்பரே இல்லை. கண்ணாடியில் அழுக்குப் படிகிறது என்று வாங்கியவர்கள் முறையிட்டு, 2024இல் புதுப்பித்தபோதுதான் வைத்தார்கள். வெட்டி நிறுத்திய பின்பக்கத்தில் சுழலும் காற்று செய்கிற வேலை அது. இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஆகாயக் கப்பல் கட்டிய செப்பலின் என்ற கம்பெனியில் வேலை பார்த்த பால் யாராய், நூறு வருடத்துக்கு முன்பே கார்களுக்கு நீர்த்துளி போல நீண்டு மெலியும் வால் வரைந்து காட்டினார். அந்த வழியில் 1934இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த டாட்ரா 77 காரைப் பார்த்து யாரும் சோப்புக் கட்டி என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியென்றால் இன்றைய கார்கள் ஏன் உப்பித் தெரிகின்றன? பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பி வைக்கிறார்கள். தரை உயர்கிறது, இருக்கை உயர்கிறது, கூரையும் உயர்கிறது. மெர்சிடிஸின் இரண்டு கார்கள் இதற்குச் சாட்சி. 2021இல் வந்த இக்யூஎஸ், தடை எண் 0.20. பெரிய பேட்டரியின் மேல் பின்சீட்டில் சொகுசாக உட்கார இடமும் வேண்டுமென்று ஒரே வில்லாக வளைத்ததில் முட்டை போல ஆகிவிட்டது. பார்த்தவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமே வந்த இக்யூஎக்ஸ்எக்ஸின் தடை எண் 0.17, இன்னும் குறைவு. தாழ்ந்து, வால் நீண்டு, பின்சக்கரங்கள் சற்று உள்வாங்கி, எனக்கு ஓடுகிற மானைப் போலத் தோன்றுகிறது. 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கனில் கிளம்பி, பிரான்சின் கடற்கரையில் காசிஸ் வரை ஒரே சார்ஜில் 1,000 கி.மீ.க்கு மேல் ஓடியது. 100 கி.மீ.க்கு 8.7 யூனிட்தான் செலவு. அது கடையில் கிடைக்கிற கார் இல்லை, வழிகாட்டச் செய்த ஒற்றைக் கார். இருந்தாலும், காற்றுக்கு அதிகம் பணிந்த கார்தான் இரண்டில் அழகானது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

காரின் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கக் காற்று வேண்டியிருந்ததால் முன்னால் கிரில் என்கிற கம்பிச் சல்லடை வந்தது. மின்சார காரின் பேட்டரிக்கும் ஏசிக்கும் அதில் கொஞ்சம் போதும். தேவைப்படும்போது மட்டும் திறக்கிற மடல்கள் வைத்து மற்ற நேரம் மூடிவிடலாம். ஆனால் நாம் விடுவதில்லை. டெஸ்லா மாடல் எஸ் 2012இல் வந்தபோது கிரில் இருக்கும் இடத்தில் ஒரு கருப்பு முகமூடி இருந்தது, 2016இல்தான் எடுத்தார்கள். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸின் முன்னால் நிற்கும் பெரிய கிரில் மூடியேதான் இருக்கிறது, உள்ளே சென்சார்கள். இக்யூஎஸுக்கு 2024இல் குரோம் பட்டைகளும், மெர்சிடிஸின் சின்னமான நட்சத்திரம் நிமிர்ந்து நிற்பதையும் சேர்த்தார்கள். காற்று இவற்றைக் கேட்கவில்லை; வாங்குகிறவர்கள் கேட்டார்கள்.

கட்டுரையாளரோடு முழுக்க உடன்படும் இடம் ஒன்று உண்டு. கதவோடு கதவாகப் புதைந்திருக்கும் கைப்பிடி. ஒருமுறை வாடகைக் காரில் ஏறப்போன என் அம்மா கதவைத் தடவிக்கொண்டே நின்றார், எங்கே பிடிப்பதென்று தெரியாமல். அதில் மிச்சமாகும் காற்றுத்தடை மிகக் கொஞ்சம். விபத்து நேரத்தில் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியாவிட்டால் யார் பதில் சொல்வது? 2025இல் சீன அரசு இதற்காகவே வரைவு விதி கொண்டுவந்தது. நம் நாட்டிலும் வர வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த இவி1 என்ற மின்சார காருக்குத் தடை எண் 0.19. ஈய பேட்டரியில் சேமிக்க முடிந்தது கொஞ்சம் என்பதால் பின்சக்கரத்தைக்கூட மூடி ஒவ்வொரு துளியையும் காப்பாற்றினார்கள். இன்று பெரிய பேட்டரியைப் போட்டுவிட்டு, மேலே உயரமான எஸ்யூவி உடலை வைக்கிறார்கள். எஸ்யூவியின் தடை எண்ணை மட்டும் விளம்பரத்தில் போட்டால் பாதிக் கணக்குத்தான் தெரியும். காரின் முன்பரப்பு, அதாவது நேர் எதிரே நின்று பார்த்தால் தெரிகிற பரப்பு, எவ்வளவு என்பதையும் அந்த எண்ணோடு பெருக்கினால்தான் காற்று உண்மையில் எவ்வளவு தடுக்கிறது என்று புரியும். உங்கள் பக்கத்தில் கார்களை விமர்சிக்கும்போது இந்த இரண்டு எண்களையும், நாற்கரச் சாலையில் சீராக 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் எத்தனை கி.மீ. வருகிறது என்பதையும் அச்சிடுங்கள். ஓட்டிப் பார்க்க ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், நானும் உடன் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
நாகர்கோவில்