இரண்டாம் அடி

அண்ணா,

உன் பணி நிறைவு விழா முடிந்து நாளையோடு ஒரு வருஷம். மேடையில் நான் பேசிய அந்த நாலு நிமிஷத்தைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. ஊர் முன்னால் சொன்னதற்கு ஊர் முன்னால்தான் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று முடிவு செய்து இங்கே எழுதுகிறேன்.

"அம்மா 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட ஒரு வகுப்பையும் விடாதவர் எங்கள் அண்ணன். இந்தக் கடமை உணர்ச்சி வேறு யாருக்கு வரும்?"

மண்டபமே கைதட்டியது. தலைமையாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். நீ மட்டும் மடியில் கிடந்த பொன்னாடையின் ஜரிகையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாய். அத்தனை பேரில் உனக்கு மட்டும்தான் விளங்கியது. விளங்காமல் இருக்குமா? புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப் புகழ்ச்சியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதானே.

அப்போது நான் எட்டாவது. அம்மா தோசை வார்க்க, அடுப்படித் தரையில் உட்கார்ந்து 1073ஆம் குறளைச் சொன்னாய். 'தேவர் அனையர் கயவர்.' கயவரைப் போய்த் தேவர் என்கிறாரே என்று நான் சண்டைக்கு வந்தேன். "பொறு, அடுத்த அடி வரட்டும்" என்றாய். 'மேவன செய்தொழுக லான்.' தேவர்களைக் கேட்க மேலே ஆள் இல்லை, நினைத்ததைச் செய்வார்கள், கயவர்களும் அப்படித்தான். அம்மா கரண்டியோடு திரும்பிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. இப்போதும் எந்தப் பாட்டைப் படித்தாலும் முதலில் உன் குரலில்தான் கேட்கிறது.

அப்புறம் அந்த 11 நாள். ஐசியூ வாசலில் நான் மட்டும். பொதுத்தேர்வு நேரம், பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது என்றாய். சரி. ஞாயிற்றுக்கிழமைகூடவா? இதற்கு மேல் இங்கே வேண்டாம். சித்தப்பா வீட்டில் படிப்பார்கள், அண்ணியும் படிப்பார்கள்.

ஔவையைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகப் போனவளுக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன; எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். அவள் பேசலாம், நான் பேசக்கூடாதா என்று பல ராத்திரி எனக்குள் வாதாடியிருக்கிறேன்.

ஆனால் அவள் எதிரில் நின்று, படையோடு இருப்பவனிடம் சொன்னாள். தன் அரசனின் வேல் எங்கே கிடக்கிறது, ஏன் முறிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நான் முதல் அடியோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைக் கைதட்டல் மூடிவிட்டது. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த நீ என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? தப்புதான். மன்னித்துவிடு அண்ணா.

நீயும் ஒன்று செய்தாய். ஏற்புரையில் "என் தங்கை சொன்னதுபோல" என்று அதையே எடுத்துச் சொல்லி, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டு இறங்கினாய். ஒரு வருஷமாக அந்த நன்றிக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறேன். வலித்தது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் காலில் விழுந்திருப்பேன். உன்னால் அதுகூட முடியவில்லை.

அன்று நான் விட்டுவிட்ட அடியை எந்த அணியும் இல்லாமல் இப்போது சொல்கிறேன். நினைவு தப்பும்வரை அம்மா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ ஏன் வரவில்லை?

அடுத்த மாதம் அம்மா திதிக்கு வருகிறேன். முந்தின நாளே வந்துவிடுவேன், அண்ணியிடம் சொல்லிவை. பதிலை இங்கே எழுதாதே. அடுப்படியில் வைத்துச் சொல்.

தங்கை