குதிரை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

செயற்குழு வழக்கம்போல் கூடியது. தடுப்பூசி முகாமும் லாட முகாமும் குறைவின்றி நடந்தன.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, நரம்பு பாதித்த குதிரைகளின் மூத்திரப்பைப் பராமரிப்புப் பயிற்சி. "இதற்கெல்லாம் ஒரு முகாமா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்காகச் சற்று விரித்தே எழுதுகிறேன். ஹெர்பிஸ் வைரஸ், கீழே விழுந்து இடுப்பில் பட்ட அடி, சூடான் புல் என்ற சோள வகைத் தீவனப் புல்லையே தொடர்ந்து மேய்வது எனப் பல காரணங்களால் பின்பக்க நரம்புகள் கெடலாம். அப்போது வால் துவளும், ஆசனவாய் தளரும், மூத்திரப்பையும் சுருங்க மறுக்கும். பை நிரம்பி வழிவதைப் பார்த்து, "சொட்டுச் சொட்டாகப் போகிறதே, அடைப்பில்லை" என்று நாம் நிம்மதியடைகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

பயிற்சிக்கு வந்த பெட்டைக் குதிரைக்குத் தொடையின் உட்புறம் முடி உதிர்ந்து தோல் வெந்திருந்தது. இருமினால் மூத்திரம் பீய்ச்சியது. மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்து, பை நிரம்பித் தொங்குவதைச் சொன்னார். டியூப் விட்டுக் கழுவக் கழுவ, ஆற்று மணல் போல மஞ்சள் வண்டல் வந்துகொண்டே இருந்தது. குதிரை மூத்திரம் இயல்பிலேயே கலங்கல்தான். கால்சியம் கார்பனேட் அதிகம். பை முழுதாகக் காலியாகாவிட்டால் அது அடியில் படிந்து பையின் சுவரைப் புண்ணாக்கும். கிருமி பெருகி சிறுநீரகம் வரை ஏறும். சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் கூடும் என்பதால், 'ரத்தம் நார்மல்' என்ற ஒரு சீட்டை நம்பி இருந்துவிட முடியாது. தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்கு பியூட் என்ற வலி மருந்தும் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடும் பழக்கமுள்ளவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இவ்வளவையும் பார்த்தது முன்வரிசை மட்டுமே. பின்னால் போட்ட நாற்காலிகள் காலி. வராதவர்களில் இருவர் அடுத்த வாரமே இதே சந்தேகங்களுடன் இரவில் எனக்குப் போன் செய்தார்கள். பதில் சொன்னேன், சந்தா பாக்கியையும் நினைவூட்டினேன். அதோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வரவு செலவு கணக்கு பொருளாளரிடம் உள்ளது. வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். பற்றாக்குறை பெரும்பாலும் கருவிப்பெட்டியால் வந்ததாகச் சொல்லப்படுகிறது. வராத சந்தாவால் வந்தது என்பது என் கணக்கு. தணிக்கை முடிந்ததும் விவரம் வைக்கப்படும்.

இலவசமாகப் பயிற்சியளித்த கால்நடை மருத்துவருக்கும், குதிரையைப் பிடித்து நின்ற லாயப் பணியாளர்களுக்கும், தலைவருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பை கழுவும் முறையை எல்லா லாயங்களுக்கும் கொண்டுசெல்ல எண்ணம். அதற்குப் புது டியூப்கள் வேண்டும், தோல் வேகாமல் தடவ துத்தநாகக் களிம்பு வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பாக்கிப் பட்டியலையும் சேர்த்தே தருவேன். கருவிப்பெட்டியிலிருந்து பெரிய டியூப்பை எடுத்துச் சென்றவர், கொதிநீரில் போட்டு எடுத்து, இரவோடு இரவாக என் வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்