641 வானத்திலிருந்து விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பகா எண்கள் பற்றி வந்த கட்டுரையில் 4294967297 என்ற எண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. கணித அறிஞர் ஃபெர்மா அதைப் பகா எண் என்று நினைத்தாராம், 1732இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் அது 641ஆல் வகுபடும் என்று காட்டினாராம். தகவல் சரி. ஆனால் அந்த 641 எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லாவிட்டால், படிக்கிற பிள்ளை ‘மேதைக்குத் தோன்றியிருக்கிறது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடும். எனக்கு வருத்தமே அதுதான்.

2ஐ எடுத்து வர்க்கம் செய்துகொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆறாவதாக வருவதுதான் நம் எண், 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

இதைச் சோதிக்க, இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரையுள்ள ஆறாயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுக்க வேண்டுமா? வேண்டாம். இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். ஆய்லரே பின்னாளில் இதை நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. இதில் 257ஐ வகுக்காமலே அடித்துவிடலாம். ஏனென்றால் வரிசையின் முதல் ஐந்து எண்களையும் பெருக்கினால் 4294967295, நம் எண்ணுக்கு இரண்டே இரண்டு குறைவு. 257ஆல் வகுத்தால் மீதி 2 வந்தே தீரும். ஆக, நாலாவது முயற்சியிலேயே 641 கைக்கு வந்துவிடுகிறது!

வகுத்தலைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 4294இல் 641 ஆறு முறை போக மீதி 448. அடுத்த இலக்கம் 9ஐ இறக்கினால் 4489. ஏழு முறை போக மீதி 2. பிறகு ஈவில் இரண்டு பூஜ்யம், ஒரு 4, ஒரு 1. அந்த 1ஐ எழுதிவிட்டுக் கழித்தால் மறுபடியும் அதே 448! இந்தத் தடவை இறக்க மிச்சமிருக்கும் கடைசி இலக்கம் 7. ஆகவே 4487. ஏழு முறை 641 சரியாக 4487தான். முன்பு 2 மிஞ்சிய கணக்கில் இப்போது ஒன்றுமே மிஞ்சவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, கட்டுரையின் அந்த ஒற்றை வரியில் கிடைக்கவில்லை.

ஈவு 6700417. அதுவும் பகா எண். 65537க்குப் பிறகு இந்த வரிசையில் இதுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை என்பதையும் கட்டுரை சேர்த்திருக்கலாம்.

அடுத்த இதழில் அந்த வகுத்தலையாவது முழுதாக அச்சிடுங்கள். ஏழே படிகள், கால் பக்கம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்